துளசி வாடியது ஏன்? – வேர் மாவுப்பூச்சியைப் பற்றி ஓர் அனுபவம்

இம்மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று பொறுப்பாளர்கள் கேட்டபோது, எனக்குத் தெரிந்தது செடியும் மண்ணும்தானே என்று தயங்கினேன். "அதையே எழுதுங்கள் ஐயா, வீட்டுக்கு வீடு துளசி வாடுகிறது, காரணம்தான் யாருக்கும் தெரியவில்லை" என்றார் செயலாளர். அந்த வாடலில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே அதனையும் மறைக்காமல் சேர்த்தே எழுதுகிறேன்.

நெகிரி செம்பிலானில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் நாற்றுமேடையில் 22 ஆண்டுகள் வேலை செய்தவன் நான். கடைசி 9 ஆண்டுகள் மண்டோர். செம்பனைக் கன்று முதல் மூன்று மாதம் சிறிய பையிலும், பிறகு பெரிய பாலித்தீன் பையிலுமாக ஏறக்குறைய ஓராண்டு வளர்ந்த பின்னரே காட்டுக்குப் போகும். அந்த ஓராண்டில் கன்று வாடினால் இலையைப் பார்த்து நேரத்தை வீணாக்காதே, பையைக் கிழித்து வேரைப் பார் என்பது எனக்கு வேலை கற்றுக் கொடுத்த பழைய மண்டோரின் கட்டளை. ஆயிரக்கணக்கான பைகளில் அப்படிப் பார்த்தவன், சொந்த வீட்டு வாசலில் அதனைச் செய்ய மறந்தேன்.

ரந்தாவ், லாபு, சுவா பேதோங், பகாவ் என்று இம்மாநிலத்தில் தோட்டங்கள் நிறைந்திருந்த நாளில், லயன் வீட்டு வாசலில் துளசியும் கறிவேப்பிலையும் மல்லிகையும் தரையில்தான் நின்றன. பிறகு பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தது. பல தோட்டங்கள் கைமாறித் தாமான்களாயின. சனங்கள் பிளாட்டுகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தபோது செடிகளும் கூடவே கிளம்பின. பெயிண்டு டின், பால்மாவு டின், உடைந்த வாளி என்று கிடைத்ததில் எல்லாம் ஏற்றிக் கொண்டு வந்தோம். என் தாயார் லாரியில் முன்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தது ஒரு துளசிச் செடியைத்தான். அவர் மறைந்து பல ஆண்டுகளாகின்றன. அதன் விதையில் முளைத்து, அதன் விதையில் மீண்டும் முளைத்து, அந்தத் துளசி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. 2018ஆம் ஆண்டு நவராத்திரியின்போது அதன் கன்றுகள் 36ஐச் சிறு சட்டிகளில் வைத்து ஆலயத்துக்கு வந்த தாய்மார்களுக்கு வழங்கினேன். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன்.

அடுத்த பொங்கலுக்குள் தாய்ச்செடி வாடத் தொடங்கியது. நடுப்பகலில் தலை தொங்கும், மாலையில் நிமிரும். தாகம் என்று எண்ணி இரண்டு வேளை ஊற்றினேன். அடியிலை பழுத்து உதிர்ந்தது. பசி என்று எண்ணி உரம் போட்டேன். கொழுந்து கருகியது. ஒரு நாள் காலை என் மனைவி வாசல் கூட்டும்போது, "இங்க வந்து பாருங்க, சட்டி ஓட்டையில எறும்பு போகுது வருது. உள்ளே என்ன வச்சிருக்கீங்க?" என்றாள். எனக்கு அப்போதுதான் பழைய மண்டோரின் குரல் காதில் கேட்டது. சட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். மண்கட்டி முழுசாக வெளியே வந்தது. சட்டியின் உட்சுவரில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைப் பூச்சு. வேர்களின் மேலும் அதே வெள்ளை. உற்று நோக்கினால் அதற்குள் அரிசிக் குறுநொய் அளவில் பூச்சிகள் மெல்ல நகர்ந்தன.

அதுதான் வேர் மாவுப்பூச்சி.

செம்பருத்தியிலும் பப்பாளியிலும் பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இது அதற்கு உறவு. ஆனால் மண்ணுக்கு மேலே தலைகாட்டாது. பெரும்பாலும் 2 அல்லது 3 மில்லிமீட்டருக்கு மேல் வளராது. மேலே வாழும் பல மாவுப்பூச்சிகளுக்கு உடலைச் சுற்றி நூல் நூலாக மெழுகு நீட்டிக்கொண்டிருக்கும். வேரில் வாழும் பல இனங்களுக்கு அப்படி இராது, மாவில் புரட்டி எடுத்த சிறு உருண்டைபோல் இருக்கும். ஊசி போன்ற வாயை வேரில் செருகிச் சாற்றை உறிஞ்சும். முட்டைகளை மெழுகுப் பஞ்சில் பொதிந்து வைக்கும். பொரித்து வரும் குஞ்சுகள் கண்ணுக்கு எளிதில் தெரியாதவை. இவைதாம் தண்ணீரோடு வடிகால் ஓட்டை வழியே இறங்கி, பக்கத்துச் சட்டிக்குள் போய்ச் சேரும். குளிர்நாடுகளில் கண்ணாடி வீட்டுக்குள் இருந்தாலன்றி இவற்றுக்குக் குளிர்கால ஓய்வு உண்டு. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் அறுவடைதான்.

இந்தக் குடும்பத்தில் ஒரு பூச்சிக்குச் செம்பருத்தியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1971ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர்கள் பெயரிட்ட 'ரைசோக்கஸ் ஹிபிஸ்கி' என்பது அது. தொட்டியில் வளர்க்கும் குட்டை மரங்களோடு கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போய்விட்டதால், ஐரோப்பிய நாடுகள் இதனை எல்லையிலேயே தடுக்க வேண்டிய பூச்சியாக வைத்துள்ளன. கேரளத்தின் வயநாட்டிலும் கர்நாடகத்தின் குடகிலும் மிளகுக்கொடியின் வேரில் வேறு இனங்கள் இருந்துகொண்டு விவசாயிகளை அழ வைக்கின்றன. அங்கேயும் நாற்றுப் பையில் ஏறித் தோட்டத்துக்குள் வருவதுண்டு. எந்த இனம் என்று உறுதியாகப் பிரித்துச் சொல்வதற்குப் பூச்சியைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆனால் நம் சட்டியைக் காப்பாற்றுவதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

வெள்ளையாக இருப்பதெல்லாம் பூச்சியல்ல

இதனை அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில் நான் வீடு வீடாகப் போனபோது, நல்ல செடியைப் பூச்சி என்று குப்பையில் போட்டவர்களையும் பார்த்தேன். பூச்சியைப் பார்த்து உரம் என்று மகிழ்ந்தவர்களையும் பார்த்தேன்.

மக்கிய இலையும் மரப்பட்டையும் கலந்த மண்ணில் வெள்ளை நூல்போல் பூசணம் ஓடும். அது சிலந்தி வலைபோல் கிளை பிரிந்து போகும், பெரும்பாலும் தீங்கற்றது. கடையில் வாங்கும் மண்கலவையில் வெள்ளை மணி மணியாகப் பொரித்த கல் இருக்கும். நசுக்கினால் நொறநொறவென்று உடையும். தண்ணீரிலுள்ள உப்பும் உரமும் சட்டி விளிம்பில் படிந்தால் கெட்டியாக, சொரசொரப்பாக இருக்கும். ஊற்றும்போது துள்ளிக் குதிக்கும் வெள்ளைப் பூச்சிகள் மக்கியதைத் தின்று வாழ்பவை; விட்டுவிடலாம். வேரே முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது நூற்புழுவின் வேலை, வைத்தியம் வேறு.

மாவுப்பூச்சியின் வெள்ளை திட்டுத் திட்டாக இருக்கும். பல சமயம் இலேசான நீலம் ஓடும். விரலில் எடுத்தால் மெழுகுபோல் வழுக்கும். தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். சந்தேகமாக இருந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்து அந்த வெள்ளையின்மேல் தொடுங்கள். மெழுகு கரைந்து, கால் உள்ள ஓர் உயிர் வெளியே தெரிந்தால் முடிவாகிவிட்டது. பத்து வெள்ளிக்கு விற்கும் பூதக்கண்ணாடி ஒன்றும், நல்ல வெளிச்சமும் இருந்தால் போதும். என் வயதில் இரண்டும் தேவைப்பட்டன.

மேலே தெரியும் குறிகள் எல்லாம் பொதுவானவை: வாட்டம், மஞ்சள், வளர்ச்சி நின்றுபோவது, உரத்துக்குப் பதில் சொல்லாமை. எறும்பு மட்டும் சற்றுத் துல்லியமான சாட்சி.

எறும்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாவுப்பூச்சி உறிஞ்சிய சாற்றில் மிஞ்சிய சர்க்கரையை இனிப்பு நீராகக் கழிக்கிறது. அதற்காக எறும்புகள் அதனை மாடுபோல் மேய்க்கின்றன. இது வெறும் உவமையல்ல. நம் மலேசியாவில் உலு கொம்பாக் காட்டில் ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர்கள் மாஷ்விட்ஸ், ஹேனல் இருவரும் 1985இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். ஒருவகை எறும்பு தன் மாவுப்பூச்சி மந்தையைக் கவ்விக்கொண்டு, கொழுந்து இருக்கும் இடமாகப் பார்த்துக் கூட்டத்தோடு குடிபெயர்கிறதாம். மண்ணுக்கடியில் வாழும் 'ஆக்ரோபைகா' என்னும் எறும்பினத்தில் புது ராணி கல்யாணப் பயணத்துக்குப் பறக்கும்போதே வாயில் ஒரு வேர் மாவுப்பூச்சியைச் சீதனமாகக் கவ்விக்கொண்டு போகிறது. டொமினிக்கன் நாட்டில் கிடைத்த மரப்பிசின் கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய அதே எறும்பும் அதன் பூச்சியும் சேர்ந்தே உறைந்திருக்கக் கண்டிருக்கிறார்கள். ஹவாயில் அன்னாசித் தோட்டங்கள் வாடல் நோயால் அழிந்தபோதும், மாவுப்பூச்சியைத் துரத்துவதைவிட அதனைக் காக்கும் எறும்பை ஒழிப்பதே பயன் தந்தது. எறும்பு இருக்கும்வரை உங்கள் வைத்தியம் பாதி வைத்தியம்தான்.

ஆனால் எறும்பும் மாவுப்பூச்சியும் எங்கும் எதிரிகள் என்று சொல்லிவிடவும் முடியாது. கொக்கோ பயிரிட்ட காலத்தில் கருப்பெறும்பையும் அதற்குத் தீனியாக மாவுப்பூச்சியையும் மரத்தில் வேண்டுமென்றே வளர்த்தார்கள். காயைக் குத்தும் பூச்சியை அந்த எறும்பு விரட்டியது. எது பகை, எது துணை என்பது பயிரைப் பொறுத்தது போலும்.

மருந்து அடிக்கலாமா?

பலரும் முதலில் கேட்பது இதைத்தான். என் தாயார் தோட்டத்தில் மருந்தடிப்பு வேலையில் இருந்தவர். முதுகில் தோம்பு, காலில் கிழிந்த பூட்ஸ், வாயில் ஒரு துணி. அவர்கள் அடித்த பாராகுவாட் களைக்கொல்லி பலரது நகத்தையும் கண்ணையும் கெடுத்தது. நெடுங்காலம் போராட்டம் நடந்து, 2020 ஜனவரி 1 முதல்தான் இந்நாட்டில் அது தடைசெய்யப்பட்டது. முன்பு மண்ணில் ஊற்றிய குளோர்பைரிபோஸும், குறுணையாகத் தூவிய கார்போபியூரானும் 2023 மே 1 முதல் விவசாயத்துக்குத் தடை. பழைய சரக்கு யாருடைய ஸ்டோரிலாவது கிடந்தால் தயவுசெய்து துளசிக்குப் போட்டுவிடாதீர்கள்.

இமிடாகுளோபிரிட் என்னும் மருந்தை வேரில் ஊற்றினால் வேர் மாவுப்பூச்சி குறையும் என்பது உண்மை. ஆனால் அது சாற்றோடு ஏறி இலைக்கும் பூவுக்கும் போகும் மருந்து. தேனீக்களுக்குக் கேடு என்று ஐரோப்பாவில் 2018இல் வெளித்தோட்டப் பயன்பாட்டுக்குத் தடை விதித்தார்கள். அழகுச் செடிக்கு, லேபிளில் சொன்ன அளவுப்படி, கையுறையுடன் ஊற்றுவது அவரவர் விருப்பம். தீர்த்தத்தில் போடும் துளசிக்கும், ரசத்தில் போடும் கறிவேப்பிலைக்கும் கூடவே கூடாது. "நான் சுமந்த விஷம் என்னோடு போகட்டும், துளசிக்கு வேண்டாம்" என்பார் என் தாயார். அந்தச் சொல்லை மீறும் துணிவு எனக்கு இல்லை.

வேப்பெண்ணெயில் சில துளி சோப்பு கலந்து ஊற்றிப் பார்த்தேன். மேலாக இருந்தவை செத்தன. நடுவேரில் இருந்தவை சுகமாக இருந்தன. மெழுகுச் சட்டை போட்ட பூச்சிக்குத் தண்ணீரில் கலந்தது எதுவும் எளிதில் ஒட்டாது. குளவி விடலாமே என்று படித்த இளைஞர் ஒருவர் கேட்டார். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தோன்றிப் பப்பாளியையும் மரவள்ளியையும் மல்பெரியையும் அழித்த மாவுப்பூச்சியை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த சிறு குளவிகள் அடக்கியது மெய்தான். ஆனால் அது இலையில் இருந்த பூச்சி. மண்ணுக்குள் குளவி எப்படிப் போகும்?

ஆகவே கையால் செய்யும் வைத்தியம்தான் மிச்சம். துளசிக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். அடிச்செடியைக் காப்பாற்ற முயலவே இல்லை. நோயில்லாத நுனிக் கொம்புகளை நான்கு விரல் நீளம் வெட்டி, அடியிலைகளைக் கிள்ளி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வைத்தேன். தண்ணீரைத் தினமும் மாற்றினேன். ஓரிரு வாரத்தில் வேர் விட்டது. புதுச் சட்டி, புது மண். கதிரிலிருந்து விதையும் எடுத்துத் தனியே காகிதத்தில் கட்டி வைத்தேன். பூச்சி வேரில்தானே இருக்கிறது, வேரை விட்டுவிட்டு வந்தால் பூச்சியையும் விட்டுவிட்டு வருகிறோம். பழைய மண்கட்டியைக் கறுப்புப் பையில் இறுக்கிக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். அதனைத் தோட்டத்து மூலையில் கொட்டியிருந்தால் மறு வருடம் திரும்பி வந்திருக்கும்.

கொம்பு வைத்து எளிதில் வராத செடி, அல்லது இழக்க மனமில்லாத பழைய செடி என்றால் வேரைக் கழுவ வேண்டும். மண்ணை முழுவதும் உதிர்த்து, குழாய்த் தண்ணீரில் வேரிடுக்கு எல்லாம் பீய்ச்சிக் கழுவி, அழுகிய வேரை நறுக்கிவிட்டு, வெந்நீரில் முக்குவது நல்ல முறை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தார் தொட்டிப் பனைகளை 49 பாகை வெந்நீரில் அமிழ்த்தி, மண்கட்டியின் நடுவில் சூடு 46 பாகையை எட்டும்வரை வைத்துப் பார்த்ததில் வேர் மாவுப்பூச்சிகள் மாண்டன. இது தொட்டியோடு அமிழ்த்திய கணக்கு. மண் கழுவிய வெறும் வேருக்கு அவ்வளவு நேரம் வேண்டாம். நான் பத்து நிமிடம் வைக்கிறேன். சமையல் வெப்பமானி கட்டாயம் வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து 'சூடு போதும்' என்று செய்தால் ஒன்று பூச்சி பிழைக்கும், இல்லாவிட்டால் செடி வெந்துவிடும். மென்மையான செடி சில இதனைத் தாங்காது என்பதால், முதலில் ஒரே ஒரு செடியில் செய்து பாருங்கள். முக்கி எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் ஆற வைத்து, நிழலில் நட வேண்டும்.

பழைய சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கொதிநீர் ஊற்றிய பிறகே மறுபடி உபயோகிக்கலாம். மண்ணை வீணாக்க மனமில்லாதவர்கள் ஈரமாக்கி, மூடிய தகரத்தில் அடுப்பேற்றி, நடுவிலும் 60 பாகைக்குக் குறையாமல் அரைமணி நேரம் வைத்து எடுக்கலாம். என் மனைவி இதற்குத் தன் பாத்திரத்தைத் தர மறுத்துவிட்டாள். நான் எண்ணெய் டின்னை வெட்டிக்கொண்டேன்.

எறும்புக்கு லயன் வீட்டு வழியே போதும். அந்நாளில் சோற்று அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர் டின்னில் நிறுத்தி வைப்போமே, அதுபோலச் சட்டி வைக்கும் பலகையின் கால்களை நிறுத்தலாம். ஆனால் ஏடிஸ் கொசு அதில் முட்டையிட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரி அபராதச் சீட்டு எழுதுவார். எனவே சோப்பு கலந்த தண்ணீர் ஊற்றி, வாரம் ஒரு முறை கொட்டி மாற்றுங்கள். சட்டிக்குக் கீழே தட்டு வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். தட்டில் தேங்கும் தண்ணீரில்தான் கொசுவும் வருகிறது, ஒரு சட்டியின் குஞ்சு மறு சட்டிக்கும் போகிறது.

எங்கள் வீட்டுக்குள் பூச்சி எப்படி வந்தது என்று பின்னோக்கிப் பார்த்தேன். 2018 நடுவில் ஒரு நாற்றுப்பண்ணையில் ஆசைப்பட்டு வாங்கிய பாலைவன ரோஜாச் செடியைத் துளசிச் சட்டிகளின் நடுவிலே வைத்திருந்தேன். அதனைக் கவிழ்த்தபோது அதன் வேர் முழுவதும் வெள்ளை. தடித்த அடிமரத்தில் நீரைச் சேமிக்கும் செடியாதலால் மாதக்கணக்கில் வாட்டம் காட்டாமல் பூச்சியைச் சுமந்திருக்கிறது. விற்றவரைக் குறை சொல்வதில் பயனில்லை. புதுச் செடி வாங்கினால் அதே நாளில் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்து, ஒன்றிரண்டு மாதமாவது மற்றச் செடிகளுக்கு எட்ட வைக்க வேண்டும் என்பது நாற்றுமேடையில் எனக்குப் பாலபாடம். வீட்டில் அதைச் செய்யவில்லை.

அப்படியானால் நான் வழங்கிய 36 கன்றுகள்? அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆலயத்தில் அறிவிக்கச் சொல்லி, பெயர் தெரிந்தவர்களைத் தேடிச் சிரம்பானிலும் ரந்தாவிலும் நீலாயிலும் வீடு வீடாகப் போனேன். 29 வீடுகளைக் கண்டுபிடித்தேன். அவற்றில் 11 சட்டிகளில் வெள்ளை இருந்தது. நான்கு வீடுகளில் பக்கத்துக் கறிவேப்பிலைக்கும் ஏறியிருந்தது. ஒரு பாட்டி சட்டியைக் கவிழ்க்க விடவில்லை. "சாமி கொடுத்ததை நீ ஏம்பா பிடுங்குறே?" என்றார். நான் என் தாயார் லாரியில் வந்த கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நுனிக் கொம்பை அவரே வெட்டித் தந்தார்.

மூன்று வாரம், ஆறு வாரம், மூன்று மாதம் என்று மூன்று முறை கவிழ்த்துப் பார்த்து, மூன்றிலும் வெள்ளை இல்லையென்றால்தான் நான் நம்புவேன். முட்டை ஒன்று தப்பியிருந்தாலும் அதற்குள் தெரிந்துவிடும். அந்தப் பாட்டி வீட்டுத் துளசி மூன்றையும் தாண்டிவிட்டது.

ஏழு வீடுகள் இன்னும் பாக்கி. 2018 நவராத்திரியில் சிறிய கறுப்புச் சட்டியில் துளசி வாங்கிப் போனவர்கள் இதனைப் படித்தால், அந்தச் செடி இப்போது இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதன் பக்கத்தில் நின்ற சட்டிகளை ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள். வெள்ளை இருந்தால் பையில் கட்டி எடுத்து வாருங்கள். செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஆலயத்துப் பின்கட்டில், குழாயடிக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். தாய்மரத்து விதை காகிதப் பொட்டலத்தில் தயாராக இருக்கிறது.